இனாமும் சம்பளமும்

வாஷியில் வாழும் நம்மவரில் பலர் முன்பு மாதுங்காவிலோ செம்பூரிலோ இருந்தவர்கள். 1942-ல் தொடங்கிய ராமா நாயக்கின் போஜனசாலையில் இலை போட்டு உண்பதற்காக ஞாயிறன்று ரயிலேறி மாதுங்கா செல்வோர் இன்றும் உண்டு. சோம்பல் மிகுந்த ஞாயிறுகளில் வாஷியிலேயே உண்டுவிடுகிறோம்.

அத்தகைய ஒரு நாளில், பெயர் சொல்ல வேண்டாத ஒரு விடுதியில், பில்லின் அடியில் நூற்றுக்குப் பத்து வீதம் 'சர்வீஸ் சார்ஜ்' சேர்த்திருக்கக் கண்டோம். பரிமாறிய இளைஞர் தமிழர். "தம்பி, இந்தப் பணம் உங்கள் கைக்கு வருமா?" என்று மெல்லக் கேட்டோம். கல்லாப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, "மாதக் கடைசியில் ஏதோ கொடுப்பார்கள் சார். கணக்கு நமக்குத் தெரியாது" என்றார்.

அந்த 'ஏதோ' நம்மை உறுத்தியது.

மொழிபெயர்ப்பே தொழிலான நமக்கு இச்சொல்லே ஒரு தொல்லை. 'சேவைக் கட்டணம்' என்று எழுதினால், 2017-ல் மறைந்த சேவை வரிக்கு உடன்பிறப்புப் போலத் தோன்றுகிறது. சர்க்காருக்குப் போகிறதென்று எண்ணிப் பலர் வாய் திறவாமல் கொடுத்துவிடுகின்றனர். உண்மையில் அது விடுதியார் தாமே சேர்க்கும் தொகை. அதனைத் தானாகப் பில்லில் சேர்க்கலாகாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ல் நெறிமுறை வகுத்தது. விடுதியார் சங்கங்கள் வழக்காடின. 2025 மார்ச் 28-ல் டில்லி உயர்நீதிமன்றம் அந்நெறிமுறைகளை உறுதி செய்தது.

சமையற்கட்டில் பாத்திரம் துலக்குபவருக்கும் அதில் பங்கு உண்டு என்பது விடுதியார் வாதம். நியாயமான கவலைதான். ஆயின் அத்தொகையை இட்லியின் விலையிலேயே ஏற்றிச் சம்பளமாகக் கொடுப்பதற்கு என்ன தடை? விருந்தினர் தரும் இனாம் முதலாளி கொடுக்கும் ஊதியத்தில் சேராது என்று, ஜெய்ப்பூர் ராம்பாக் பேலஸ் ஹோட்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1976-லேயே கூறிவிட்டது. அமெரிக்காவிலோ மத்தியச் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். இனாம் பெறும் ஊழியருக்கு முதலாளி 2.13 டாலர் கொடுத்து, எஞ்சியதை இனாமில் ஈடுகட்டிக்கொள்ளலாம். அந்த 2.13 டாலர் 1991 முதல் அசையவில்லை. பிறர் ஈகையை நம்பிக் கூலி நிர்ணயித்தால் விளைவது இதுவே.

நம் கையும் இப்போது சற்று இறுகியிருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்வோம். பில்லுடன் வரும் சோம்புத் தட்டில் மீதிச் சில்லறையை விட்டு வருவது பழைய வழக்கம். இன்று கைப்பேசியில் பைசா பிசகாமல் செலுத்திவிட்டு எழுந்துவிடுகிறோம். தட்டு வெறுமையாகத் திரும்புகிறது.

அன்று அத்தொகையை நீக்கித் தருமாறு கேட்டோம். மேலாளர் முகம் சுளித்தார்; எனினும் நீக்கினார். அதே தொகையை நோட்டாக எடுத்து அவ்விளைஞர் கையில் கொடுத்தோம். அவர் எண்ணிப் பார்த்து, பாதியைத் தனியே மடித்துக்கொண்டார்.

"இது உள்ளே பாத்திரம் துலக்குகிற அண்ணனுக்கு, சார்."