லோடர் தூக்கலைன்னா உடனே பம்ப்பை மாத்தாதீங்க

பழைய டிராக்டர்ல லோடர் ஏன் தூக்க மாட்டேங்குதுன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. போன வாரம் என்கிட்ட வந்த ஒரு வண்டியை வச்சே சொல்றேன்.

இருபத்தஞ்சு வருஷத்து வண்டி. லோடர் அப்புறமா வாங்கி மாட்டினது. பக்கெட் வெட்டி வெட்டி மேல போகுது, பம்ப்புல ஙொய்ய்னு சத்தம். "அண்ணே, பம்ப் போச்சு, 22,000 ஆகும்னு சொல்லிட்டாங்க. நடவுக்கு வச்சிருக்கிற காசே அவ்வளவுதான்"னார் வண்டிக்காரர்.

நான் கேட்ட முதல் கேள்வி, பின்னாடி லிஃப்ட் எப்படி இருக்கு? அதுவும் மந்தம்னார். இந்த வண்டியில ரெண்டுக்கும் ஒரே பம்ப், ஒரே ஆயில். லோடர் மட்டும் மந்தம்னா அதோட வால்வு, சிலிண்டர் சீல் பக்கம் போயிருப்பேன். ரெண்டுமே மந்தம்னா கோளாறு பம்ப்புலயோ அதுக்கு முன்னாடியோதான்.

டிப்ஸ்டிக்ல அளவு சரியா இருந்தது, ஆனா ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தது. கொஞ்சம் எடுத்து கண்ணாடி பாட்டில்ல ஊத்தி வச்சேன். காத்து கலந்திருந்தா நுரை அடங்கி ஆயில் தெளிஞ்சிடும். தண்ணின்னா வெளுப்பு அப்படியே நிக்கும். டீ குடிச்சிட்டு வந்து பார்த்தா தெளிஞ்சிருந்தது. அப்போ எங்கயோ காத்து இழுக்குது.

இங்கதான் எல்லாரும் ஏமாறுறோம். உறிஞ்சுற பக்கத்து ஓட்டை பெரும்பாலும் ஆயில் சொட்டாது, காத்தைத்தான் உள்ள இழுக்கும். இன்ஜினை மெதுவா ஓடவிட்டு, சக்ஷன் ஹோஸ் ஜாயின்ட் ஒவ்வொண்ணுலயும் கிரீஸ் தடவினேன். பம்ப் பக்கத்து கிளாம்ப்ல தடவினதும் சத்தம் அடங்கிடுச்சு. கழட்டிப் பார்த்தா, கிளாம்ப்புக்கு அடியில ரப்பர் வெடிச்சிருக்கு. மாத்தும்போது உள்ள கம்பிச்சுருள் வச்ச சக்ஷன் ஹோஸே போடுங்க. தண்ணிக்குழாய் ஓஸ் போட்டா சூட்டுல சப்பிப் போயிடும். ஸ்ட்ரெய்னரையும் கழுவினேன், அதுல பூரா பனியன் வேஸ்ட் நூல்!

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. பிரஷர் பக்கத்து ஹோஸ்ல ஊசி ஓட்டையைக் கையால தடவித் தேடாதீங்க. கார் டயர்ல 2 பார் அழுத்தம்னா, லோடர்ல 150 பார் வரைக்கும் வரும். ஆயில் தோலைக் கிழிச்சு உள்ள போயிடும். எனக்கு வேலை கத்துக்கொடுத்தவர் அப்படித்தான் ஒரு விரலை இழந்தார். முதல்ல சின்னப் புள்ளி மாதிரிதான் இருந்துச்சாம், வலிகூட இல்லையாம். மறுநாள்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். அட்டையை நீட்டிப் பாருங்க. எதைக் கழட்டுறதுக்கு முன்னாடியும் பக்கெட்டைத் தரையில இறக்கி, இன்ஜினை அணைச்சு, லீவரை முன்ன பின்ன ஆட்டி அழுத்தத்தை விட்டுடுங்க.

ஹோஸ், கிளாம்ப், குறைஞ்ச ஆயில் எல்லாம் சேர்த்து 1,400 ரூபாய் ஆச்சு. நாலஞ்சு தடவை ஏத்தி இறக்கினதும் வெட்டுறது நின்னுடுச்சு. ஆனா பம்ப் புதுசாயிடல. மூணு வாரமா காத்தோட ஓடினதுல கொஞ்சம் தேய்ஞ்சிருக்கு, ஆயில் சூடானா லேசா மந்தமாகுது. ரிலீஃப் வால்வு ஸ்க்ரூவை வேற யாரோ இறுக்கி வச்சிருக்காங்க. நடவு முடிஞ்சதும் கொண்டு வாங்க, கேஜ் போட்டுப் பார்த்துடலாம்னு சொல்லி அனுப்பியிருக்கேன்.