பூட்டிய குடிலில் ஒரு பாட்டரி



நார்வே தேசத்து மலைகளிலும் ஏரிக்கரைகளிலும், குடும்பங்கள் அவ்வப்போது வந்து தங்கிப்போகும் மரக்குடில்கள் 4 லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. மின்கம்பி எட்டாத குடில்கள் பலவற்றுக்கு, கூரைமேல் பதித்த சூரியத் தகடும் அதன் சக்தியைச் சேமிக்கும் பாட்டரியுமே ஆதாரம்.

பழைய ஈய அமில பாட்டரியானால் முழுக்கச் சார்ஜ் ஏற்றிவிட்டுத்தான் குடிலைப் பூட்ட வேண்டும். சார்ஜ் இறங்கினால் அமிலம் நீர்த்து, குளிர்காலத்தில் உறைந்து, பெட்டியையே பிளந்துவிடக்கூடும். லித்தியம் பாட்டரியின் சுபாவம் வேறு. நிறைந்த சார்ஜோடு, அதிலும் உஷ்ணமான இடத்தில், மாதக்கணக்கில் கிடந்தால் அதன் ஆயுள் குறையும். ஆகவே ஏறத்தாழப் பாதியளவில் நிறுத்தி, விளக்கு, இன்வெர்ட்டர் முதலிய, மின்சாரம் இழுக்கும் சகல இணைப்புகளையும் கழற்றி வைப்பதே உத்தமம்.

மிதமான குளிரில் சும்மா இருப்பதால் அதற்குப் பெரிய கெடுதல் இல்லை. குளிரில் சார்ஜ் ஏறுவதுதான் அபாயம். பூஜ்ய டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றும்போது, லித்தியம் அயனிகள் பாட்டரியின் எதிர்முனையான கிராஃபைட்டுக்குள் போதிய வேகத்தில் புக இயலாமல் அதன் மேற்பரப்பில் உலோகமாகவே படிந்துவிடக்கூடும். அந்தச் சேதத்துக்குப் பெரும்பாலும் பரிகாரமில்லை. ஆள் இல்லாத குடிலின் மேலும் வெயில் விழுகிறது, தகடும் தன் கடமையைச் செய்துகொண்டேயிருக்கிறது. ஆதலால், குளிரில் சார்ஜைத் தடுக்கும் காப்பு உங்கள் பாட்டரியில் உண்டா என்று விசாரித்தறியுங்கள். இல்லையென்றால், கதவைப் பூட்டுமுன் முதலில் தகட்டின் இணைப்பையும் அதன்பின் பாட்டரியின் இணைப்பையும் தவறாமல் துண்டித்துவிடுங்கள்.