மூன்றாம் பருவமும் வீட்டுக்குச் செல்லும் செய்தியும்

(காட்டாங்குளத்தூரில் நடைபெற்ற சங்க வெள்ளிவிழாக் கல்வியரங்கில், அரசு நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர், பி.ஏ., பி.எட்., ஆற்றிய உரை)



வெள்ளிவிழா மேடையில் பேச அழைக்கப்பெற்றோர் கல்வியின் பெருமையைப் பேசுதல் வழக்கம். அதனை இம்மன்றத்திற்கு எடுத்துரைக்க வேண்டிய தேவை இல்லை. உணர்ந்ததனாலன்றோ இச்சங்கம் தோன்றிற்று! ஆகவே, ஆண்டுதோறும் தை முதல் சித்திரை வரை ஒரு நடுநிலைப் பள்ளியின் வகுப்பறையில் நடைபெறுவது யாது, அதனை வீட்டார் எவ்வாறு அறிகின்றனர் அல்லது அறியாமற் போகின்றனர் என்னும் ஒரு பொருளை மட்டும் பேச விழைகிறேன்.

'ஸ்பிரிங்' என்று ஆங்கிலப் பாடல்கள் ஒரு பருவத்தைப் பாடும். பனி உருகும், மொட்டவிழும், குழந்தைகள் வெளியே ஓடி விளையாடுவர். நம் பிள்ளைகள் அதனை மனப்பாடமாக ஒப்பிப்பர். நம் ஊர் இளவேனிலோ வேறு. பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போது ஏரியில் நீர் இருக்கும். பங்குனியில் கரையோரம் வெடித்துக் கிடக்கும். புங்கன் இலையுதிர்த்துத் தளிர்க்கும், வேம்பு பூக்கும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை இரு வாரத்திற்கு ஒருமுறை ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்று, நீர் எந்தக் கல்வரை நிற்கிறது என்று குறித்துவரச் செய்து, அவ்வளவுகளைக் கொண்டே வரைபடம் வரையப் பழக்குகிறோம். வேடந்தாங்கல் நம் மாவட்டத்திலேயே இருப்பதால், வலசைப் பறவை என்றால் என்னவென்று விளக்கப் பிறநாட்டுப் படம் தேவைப்படுவதில்லை. ஆனால் இதே பருவத்தில்தான் நவரை நெல் வயலில் நிற்கும், புளி உலுக்குவார்கள், செங்கற் சூளைகளில் வேலை மும்முரமாகும். வருகைப் பதிவேட்டில் இடைவெளிகள் விழுவதும் அப்பொழுதே. மாணவன் வராத காரணத்தைப் பதிவேடு கூறாது. மாசி மாதம் கூறும்.

2012-13 கல்வியாண்டில் முப்பருவ முறை நம் மாநிலத்தில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி சனவரி முதல் ஏப்ரல் வரை மூன்றாம் பருவம். ஆண்டில் மிகவும் விலைமதிப்புள்ளது அதுவே. ஏழாம் வகுப்பிற்கு 2019-20-இல் வந்த புதிய பாடநூலில் விழுக்காடும் தனிவட்டியும் இப்பருவத்துப் பாடமாக அமைந்தன. அசல், காலம், வட்டிவீதம் என்று மூன்று எழுத்துகளைக் கரும்பலகையில் எழுதி வாய்பாட்டைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் கணக்குப் போட்டுவிடுவர். மறுநாள் மறந்தும் விடுவர். ஆகவே நான் அப்பாடத்தை நம் தெருவிலிருந்து தொடங்குவேன்.

தண்டல்காரர் வருகிறார். பத்தாயிரம் ரூபாய் என்று எழுதிக்கொண்டு, 9,000 ரூபாயைக் கையில் கொடுக்கிறார். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் நூறு நாளில் 10,000 ரூபாயைத் திரும்பச் செலுத்த வேண்டும். 'ஆயிரம் ரூபாய்தானே வட்டி' என்று வீட்டில் கருதுகிறார்கள். பிள்ளைகளைக் கணக்கிடச் சொன்னேன். ஒன்பதாயிரத்துக்கு நூறு நாளில் ஆயிரம் எனில், ஆண்டுக்கு 40 விழுக்காட்டிற்கு மேல் வருகிறது. அத்தோடு நிற்கவில்லை. அசலும் நாள்தோறும் குறைந்துகொண்டே வருகிறதல்லவா? ஐம்பதாம் நாளில் நம் கையிலுள்ள அவர் பணம் ஏறத்தாழப் பாதிதான். சராசரியாக 4,500 ரூபாயை நூறு நாள் வைத்திருந்ததற்கே ஆயிரம் ரூபாய் கொடுக்கிறோம். அப்படிப் பார்த்தால் ஆண்டு வட்டி 80 விழுக்காட்டைத் தொடுகிறது. இவ்விரண்டாம் கணக்கு பாடநூலில் இல்லை. ஆயினும் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அது எட்டாத கணக்கும் அன்று. அன்று மாலை அக்குறிப்பேட்டை வீட்டில் காட்டி, தாயாரிடம் விளக்கி, அவர் கூறிய மறுமொழியை எழுதிவருமாறு பணித்தேன். ஒரு தாயார் கூறியதாகப் பிள்ளை எழுதிவந்தது: 'தெரிந்துதான் வாங்குகிறோம் ஐயா, வேறு யார் கொடுப்பார்கள் என்பதையும் கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்.' அடுத்த நாள் பாடம் மகளிர் சுயஉதவிக் குழுக் கடனைப் பற்றியதாயிற்று.

இதனை விரித்துக் கூறுவதற்குக் காரணம் உண்டு. 1891-ஆம் ஆண்டு இம்மாவட்டத்தில் ஆட்சியராகப் பணியாற்றிய டிரெமென்ஹீர் சென்னை அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். செங்கற்பட்டுச் சீமையில் சிறுகடன் ஒன்றுக்காகத் தம்மையும் தம் மக்களையும் பண்ணைக்கு எழுதிக்கொடுத்துக் கட்டுண்டு கிடந்த நம் முன்னோர் நிலையை அது எடுத்துரைத்தது. அதன் விளைவாகவே 1892-இல் பஞ்சமி நிலம் பற்றிய அரசாணையும், 1893-இல் நம் மக்கள் கல்விக்கெனத் தனிச் சலுகைகள் வழங்கிய அரசாணையும் பிறந்தன. அடுத்த ஆண்டே, 1894-இல், கர்னல் ஆல்காட் அடையாற்றையொட்டி இலவசப் பள்ளியைத் தொடங்கினார். நிலமும் பள்ளியும் ஒரே அறிக்கையின் தொடர்ச்சியாக வந்தது தற்செயலன்று என்பது என் துணிபு. எழுதியிருப்பதை வாசிக்கத் தெரியாதவன் தன்னைக் கட்டியிருக்கும் ஓலையையும் வாசிக்க இயலாது. இம்மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் இதழ் நடத்தத் துணிந்ததும் இதனை அறிந்தே.

இனி, வீட்டுக்குச் செல்லும் செய்திக்கு வருகிறேன்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியும்வரை எப்பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்தலாகாது என்றது. 2019-இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என அறிவித்திருந்த தமிழ்நாடு, 2020 பிப்ரவரியில் அவ்வறிவிப்பைத் திரும்பப் பெற்றது. நிறுத்திவைக்கும் முறையை நான் ஆதரிப்பவன் அல்லன். பிள்ளைகளை நிறுத்திவைத்த காலத்தில் முதலில் வெளியேறியவர் நம் பிள்ளைகளே. ஆனால் நிறுத்தக்கூடாது என்பதற்கும், நிலைமையைச் சொல்லக்கூடாது என்பதற்கும் வேறுபாடு உண்டு. ஏப்ரலில் தேர்ச்சி அட்டை வீட்டுக்குச் செல்கிறது. 'தேர்ச்சி' என்ற சொல்லைக் கண்டு தாயார் மகிழ்கிறார். பிள்ளை ஏழிலிருந்து எட்டுக்குச் செல்கிறான். தமிழில் ஒரு பத்தியைத் தடையின்றி வாசிக்க இன்னும் இயலவில்லை என்பதை அவ்வட்டை சொல்வதில்லை. 2025-26 கல்வியாண்டில் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை அடிப்படைத் திறன் குறைந்தோர்க்கென அரசு 'திறன்' என்னும் திட்டத்தைத் தொடங்கியதே இக்குறை பரவலாக உள்ளது என்பதற்குச் சான்று.

செய்தி செல்லும் வழியும் நேராக இல்லை. பள்ளியிலிருந்து கடிதம் கொடுத்தனுப்புகிறோம். வாசிக்கத் தெரியாத வீட்டில் அதனை யார் வாசித்துக் காட்டுவது? அதே பிள்ளைதான். குற்றம் சாட்டப்பட்டவரே தீர்ப்பை வாசிக்கும் நீதிமன்றம் உலகில் வேறெங்கும் இராது! 'ஆசிரியர் நன்றாகப் படிக்கிறேன் என்று எழுதியிருக்கிறார் அம்மா' என்று வாசித்த கெட்டிக்காரர்களை நான் அறிவேன்; கற்பனைத் திறனுக்காக அவர்களுக்குத் தனி மதிப்பெண் தரலாம். வாட்ஸ்அப் குழு வந்ததும் சிக்கல் தீர்ந்தது என எண்ணினோம். பதிவேட்டில் உள்ள எண் தகப்பனாருடையது. அவர் எண்ணை மாற்றியிருப்பார், அல்லது கைப்பேசி வேலைக்குச் செல்லும் அண்ணனிடம் இருக்கும். அவ்வளவுக்கும் பிறகு செய்தி சென்றாலும் எழுத்தாகவே செல்கிறது. ஆகவே இப்போது குரல்வழியே, அரை நிமிடத்திற்குள், பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பேசி அனுப்புகிறோம். இது ஓரளவு பயன் தருகிறது.

இவற்றினும் பெரிய தடை ஒன்றுண்டு. 'பள்ளிக்கு வரச் சொன்னார்கள்' என்றாலே ஏதோ தவறு நேர்ந்துவிட்டது என்று நம் தாய்மார்கள் அஞ்சுகின்றனர். தலைமையாசிரியர் அறை வாயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலி இருந்தும் நின்றுகொண்டே பேசுகின்றனர். அது நேற்று வந்த அச்சமன்று. 'இவர்களுக்குப் படிப்பு ஏறாது' என்ற சொல் தலைமுறைகளாகக் காதில் விழுந்ததன் வடு அது. ஆகவே ஆசிரியத் தோழர்களுக்கு என் வேண்டுகோள்: முதலில் அவரை அமரச் செய்யுங்கள். பிள்ளை செய்யக்கூடியதைச் சொல்லுங்கள். பிறகு செய்ய இயலாததை, 'சுமார்', 'மந்தம்' என்ற சொற்களால் மூடாமல், உள்ளபடி சொல்லுங்கள். 'கூட்டல், கழித்தல் நன்றாக வருகிறது, வகுத்தல் வரவில்லை, ஆங்கிலச் சொல்லை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறாள், வரும் ஆறு வாரத்தில் நாங்கள் இதனைச் செய்யப்போகிறோம்.' இது போதும். பிறர் காதில் விழாமல் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் வகுப்புப் பெற்றோர் இங்குக் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயது முதல் பதினான்கு வயது வரைக்கே உரியது. குழந்தைத் தொழிலாளர் சட்டமும், 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்கிறது; அதற்கு மேல் பதினெட்டு வரை அபாயத் தொழில்களில் மட்டுமே தடை. அதாவது, எட்டாம் வகுப்பு முடியும் அதே கோடையில், சட்டத்தின் இரு கைகளும் பிள்ளையை விட்டுவிடுகின்றன. எங்கள் பள்ளியும் எட்டோடு முடிந்துவிடுவதால் மாற்றுச் சான்றிதழும் அப்போதே கைக்கு வருகிறது. சான்றிதழ் பெட்டியில் இருக்க, பிள்ளை வேலைக்குச் சென்றுவிடுவதுண்டு. பெண் பிள்ளையாயின், உயர்நிலைப் பள்ளிக்குச் செல்ல ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்க வேண்டுமே என்ற கவலை ஒன்றே படிப்பை நிறுத்தப் போதுமான காரணமாகிவிடுகிறது. இதற்கு அறிவுரை பயனில்லை; ஐந்தாறு பிள்ளைகளைச் சேர்த்து, துணைக்கு ஒரு பெரியவரை அனுப்பினால் பயனுண்டு.

எட்டாம் வகுப்பிலேயே தேசிய வருவாய்வழி உதவித்தொகைத் தேர்வு நடைபெறுகிறது. குடும்ப ஆண்டு வருவாய் மூன்றரை இலட்சம் ரூபாய்க்கு மேற்படாதோர் எழுதலாம். தேர்வு பெற்றால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு வேண்டும் என்பது விதி. நம் பிள்ளைகளுக்கு 50. எனவே அத்தேர்வுக்கான ஆயத்தம் உண்மையில் ஏழாம் வகுப்பின் மூன்றாம் பருவத்திலேயே தொடங்குகிறது. சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்கு, ஆதார் அட்டை ஆகிய நான்கிலும் பிள்ளையின் பெயர் ஒரே எழுத்தில் உள்ளதா என்று மாசியிலேயே பார்த்துவிடுங்கள். ஓரெழுத்துப் பிழையால் தொகை நின்றுபோன கதைகளை இம்மண்டபத்தில் உள்ளோர் பலரும் அறிவர்.

மற்றொன்று, ஐந்தாம் வகுப்புப் பெற்றோர்க்கு. கடன் வாங்கியேனும் பிள்ளையை ஆறாம் வகுப்பில் தனியார் ஆங்கிலப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்ற ஆவலை நான் பழிக்கவில்லை. அதன் பின்னால் இருப்பது ஏளனப்பட்ட நெஞ்சின் நியாயமான வேட்கை. ஆயினும் கணக்கை முழுமையாகப் பார்க்க வேண்டும். 2020-இல் மருத்துவப் படிப்பிலும், 2021-இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய தொழிற்படிப்புகளிலும் 7.5 விழுக்காடு இடங்கள் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு ஒதுக்கப்பட்டன. 2022-இல் மாணவியர்க்கும் 2024-இல் மாணவர்க்கும் உயர்கல்வியின்போது மாதம் 1,000 ரூபாய் தர ஏற்படுத்தப்பெற்ற புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களிலும் ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்குத் தொடங்கிற்று. இதனைச் சித்திரையில் சொல்ல வேண்டும். பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபின் சொல்லிப் பயனில்லை.

1958-இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடிற்று. நெ. து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராக இருந்த காலம் அது. ஊரார் பள்ளிக்குப் பலகையும் கடிகாரமும் கரும்பலகையும் கொடுத்தனர். இன்று எங்களுக்குப் பலகை வேண்டுவதில்லை. உங்கள் நேரம் வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். 2022 மார்ச் 20 அன்று மாநிலமெங்கும் அரசுப் பள்ளிகளில் பெற்றோர் கூடியதும் அக்குழுக்களை உயிர்ப்பிக்கவே. அக்குழுவில் அமர்ந்து, கையெழுத்திட்டுத் தேநீர் அருந்தி வருவதோடு நின்றுவிடாதீர்கள். 'எங்கள் தெருப் பிள்ளைகளில் எத்தனை பேர் தடையின்றி வாசிக்கிறார்கள்?' என்று கேளுங்கள். அவ்வாறு கேட்கப்படும் பள்ளியில் ஆசிரியர் விடுப்பெடுக்கவும் தயங்குவார்; இதனை நான் ஆசிரியனாகவே சொல்கிறேன்.

சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் மாலைநேர வகுப்பில் பயின்று இன்று பட்டதாரிகளாயுள்ள இளைஞர் பலர் இங்கே உள்ளனர். ஆளுக்கு ஐந்து வீடு எடுத்துக்கொள்ளுங்கள். மாசியில் ஒருமுறை, பங்குனியில் ஒருமுறை அவ்வீட்டு வாயிலில் அமர்ந்து, பிள்ளையைத் தாயார் முன்னிலையில் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். திருத்த வேண்டாம்; தாயார் கேட்டால் போதும். எழுத்தறியாதவராயினும் தம் பிள்ளை தடுமாறுவது எந்தத் தாயின் காதுக்கும் தெரியும். பிறகு பள்ளியிலிருந்து வந்த தாள்களை வாசித்துக் காட்டுங்கள்.

எங்கள் பள்ளியின் மாசி மாதப் பெற்றோர் கூட்டத்தை இவ்வாண்டு பள்ளியில் வைக்கவில்லை. குடியிருப்புச் சமுதாயக் கூடத்தில், மாலை ஆறரை மணிக்கு வைத்திருக்கிறோம். கம்பெனிகளிலும் விடுதிகளிலும் பணிமுடித்துத் திரும்பும் தாய்மார்கள் வருவதற்கேற்ற நேரம் அதுவே. பிள்ளைகள் தமிழ்ப் பாடநூலையும் கணக்குக் குறிப்பேட்டையும் கொண்டுவர வேண்டும். நாற்காலிகள் போதிய அளவு போட்டிருப்போம்.