ஜலதோஷ மாத்திரையும் கலப்பு உரமும்
(புதுச்சேரியில் நடைபெற்ற கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய சொற்பொழிவு)



உரமூட்டையில் தழைச்சத்து எவ்வளவு, மணிச்சத்து எவ்வளவு என்று பார்த்து வாங்குகிறவர்கள் நீங்கள். கலப்பு உரமிட்ட வயலில் கணக்கின்றி யூரியாவையும் இட்டால் பயிர் என்னவாகும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜலதோஷ மாத்திரையும் ஒரு கலவையே. பல மாத்திரைகளில் காய்ச்சலுக்கான பாரசிட்டமால் 500 மில்லிகிராமும், தும்மலைத் தணிக்கும் குளோர்பெனிரமின் 2 மில்லிகிராமும், மூக்கடைப்புக்கான பினைலெப்ரின் 10 மில்லிகிராமும் சேர்ந்திருக்கின்றன.

நாற்று நடவின்போது ஒருவருக்குச் சளியும் காய்ச்சலும் காண்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அவர் ஜலதோஷ மாத்திரை ஒன்றும், 650 மில்லிகிராம் காய்ச்சல் மாத்திரை ஒன்றுமாக நாளைக்கு மூன்று வேளை உண்கிறார். பாரசிட்டமால் மட்டும் 3,450 மில்லிகிராம் ஆயிற்று. இடுப்புவலிக்காக உண்ணும் மாத்திரைகள் பலவற்றிலும் அதே மருந்து 325 மில்லிகிராம் உண்டு. அதில் இரண்டைச் சேர்த்தால் 4,100. வயது வந்தவருக்கு ஒரு நாளைக்கு உச்சவரம்பு 4,000. பெயர்கள் மூன்று, மருந்து ஒன்று! வரம்பு தொடர்ந்து மீறப்படுமானால் கல்லீரல் கெடும். தொடக்கத்தில் வெளிக்குத் தெரியவும் தெரியாது.

நாள்தோறும் மது அருந்துவோருக்கு அந்த வரம்பு இன்னும் குறைவு. இந்நகரில் மதுக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் தூரம் அதிகமில்லை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். குளோர்பெனிரமின் தூக்கத்தைத் தருவது. மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் மயக்கம் மிகும். அந்நிலையில் டிராக்டர் ஓட்டுவதும், தென்னை ஏறுவதும் உயிருக்கே ஆபத்து. வயது முதிர்ந்த ஆண்களுக்குச் சிறுநீர் தடைப்படுவதும் உண்டு.

பினைலெப்ரின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும் மருந்து. இரத்த அழுத்தத்திற்கு மருந்துண்போர் மருத்துவரைக் கேளாமல் அதனைத் தொடலாகாது. வாய்வழி உட்கொண்டால் அது மூக்கடைப்பை நீக்குவதில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் நிபுணர் குழு 2023-ல் ஒருமனதாகக் கூறியது. பயன் ஐயத்திற்குரியதென்றால் அபாயத்தை மட்டும் நாம் ஏன் விலைக்கு வாங்க வேண்டும்?

குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் கலந்த மருந்தை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கலாகாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் அறிவித்தது. 2024 ஆகஸ்டில் மத்திய அரசு 156 கலவை மருந்துகளுக்குத் தடை விதித்தது. சளி, ஒவ்வாமைக்குரியவை சிலவும் அவற்றுள் அடங்கும்.

ஆனால் கடையில் அட்டையைக் கத்தரித்து இரண்டு மாத்திரை கொடுக்கையில், மருந்தின் பெயரும் அளவும் அச்சிட்ட பகுதி கடைக்காரரிடமே தங்கிவிடுகிறது! பெயர் தெரியும்படி வெட்டித் தருமாறு கேளுங்கள், ரசீதும் கேளுங்கள். எழுத்து ஆங்கிலத்தில் இருந்தால் வீட்டில் படிக்கும் பிள்ளை வாசித்துச் சொல்லட்டும். மருத்துவரிடம் செல்லும்போது உண்டுவரும் எல்லா மருந்துகளின் அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

பிரெஞ்சுக்காரர் 1823-ல் இந்நகரில் நிறுவிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மரில், மருந்துகளால் நேரும் தீங்குகளைப் பதிவு செய்யும் மையம் இருக்கிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லாத் தேசியத் தொலைபேசி எண்ணிலும் அவற்றைத் தெரிவிக்கலாம். பஞ்சாயத்து அலுவலக அறிவிப்புப் பலகையில் இவ்வெண்ணை எழுதி வைக்குமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.