அடிபட்டால் ஆர்னிகா போதுமா?

(முதலுதவி விளக்கக் கூட்டத்தில் நம் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





நம்மில் பலர் வீட்டில் சின்னக் குப்பியில் வெள்ளை உருண்டை மாத்திரை இருக்கும். மேலே ‘ஆர்னிகா 30’ என்று எழுதியிருக்கும். பிள்ளை விழுந்தாலும், கால் பிசகினாலும், பல் பிடுங்கினாலும் நாலு உருண்டையை நாக்கில் போடுவோம். என் வீட்டிலும் அப்படித்தான்.

ஆர்னிகா ஐரோப்பிய மலைகளில் வளரும் மஞ்சள் பூச்செடி. அங்குள்ளவர்கள் ரத்தக்கட்டுக்கு அதை மேலே பூசி வந்தார்கள். ஜெர்மன் மருத்துவர் ஹானிமன் 1796-இல் ஹோமியோபதியின் அடிப்படைக் கருத்தை வெளியிட்டார். அந்த முறையில் இது உள்ளுக்கும் கொடுக்கப்பட்டது. ‘30’ என்பது என்ன? ஒரு பங்கு மருந்தை 99 பங்கு திரவத்தில் கலந்து குலுக்குவது ஒரு படி. அப்படி 30 படி. 12 படி தாண்டினாலே செடியின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சுவது அரிது என்பது வேதியியல் கணக்கு. ஆஸ்திரேலியாவின் தேசிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல ஆய்வுகளைப் பரிசீலித்து, எந்த நோய்க்கும் ஹோமியோபதி பலன் தரும் என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை என்று 2015-இல் அறிவித்தது.

“என் பிள்ளைக்குச் சரியானதே” என்பீர்கள். உண்மைதான். ரத்தக்கட்டு நீலமாகி, பச்சையாகி, மஞ்சளாகி, இரண்டு வாரத்தில் தானே மறையும். அல்லாஹ் உடம்பை அப்படிப் படைத்திருக்கிறான்.

சின்ன அடிக்கு அந்த உருண்டையால் கெடுதல் இல்லை. ஆனால் நேரம் போனால் கெடுதல் உண்டு. இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். ஒரு விடுமுறை நாளில் ராஜகிரிக் கோட்டைப் படியில் தம்பி மகன் சறுக்கி, பின்தலையில் அடிபட்டான். ரத்தம் வரவில்லை. ஆர்னிகா கொடுத்துப் படுக்க வைத்தேன். இஷாவுக்குப் பிறகு இரண்டு முறை வாந்தி எடுத்தான். “மருந்து வேலை செய்யுது” என்றேன். என் மனைவிதான் கேட்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளப்பினாள். ஸ்கேனில் மண்டைக்குள் ரத்தக்கசிவு தெரிந்தது. அல்ஹம்துலில்லாஹ், பிழைத்தான். காலையில் பார்ப்போம் என்று இருந்திருந்தால்? இன்றும் நெஞ்சு பதறுகிறது.

ஆகவே தலையில் அடிபட்டவருக்கு மயக்கம், திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினால் எழாத தூக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, பேச்சுக் குழறல், காது மூக்கில் ரத்தமோ நீரோ வருதல் — இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் தலையில் அடிபட்டால், அறிகுறிக்குக் காத்திராமல் காட்டுங்கள்.

சாதாரண வீக்கத்திற்கு ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். அடிபட்ட காலை உயர்த்தி வையுங்கள். ஆர்னிகா களிம்பைத் தோல் கிழிந்த இடத்தில் பூசாதீர்கள். ‘மதர் டிங்சர்’ குப்பியைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். அதில் செடியின் சாறு உண்டு, குடித்தால் விஷம்.

திருவண்ணாமலை, திண்டிவனம் சாலைகளில் பைக்கில் போகும் இளைஞர்களே! 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, அரசு மருத்துவமனைகளிலும் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் இலவசம். பணத்தை நினைத்து யாரும் தயங்க வேண்டாம்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. குப்பி அலமாரியில் இருக்கட்டும். அதன் மூடியில் இன்றே 108 என்று எழுதி ஒட்டுங்கள்.

வஸ்ஸலாம்.