வீட்டுப் பட்டறையும் கொல்லுலைச் சொற்களும்



மொழியியல் படித்த ஒருவன் கொல்லுலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறான் என்றதும், 'இரும்படிக்கும் இடத்தில் ஈக்கு என்ன வேலை' என்னும் பழமொழி உங்களுள் சிலர்க்கு நினைவு வரக்கூடும். வரட்டும். அப்பழமொழியை நம் மாணவர் அறிவர். ஆனால், இரும்படிக்கும் இடத்தைக் கண்டவர் அவர்களுள் மிகச் சிலரே. இந்த இடைவெளியைப் பற்றியதே இன்றைய உரை.

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓய்வுப் பொழுதில் இரும்படிப்போர் சிலர் இருக்கின்றனர். கிள்ளானில் வரிசை வீடு ஒன்றின் பின்புறத்தில் அத்தகைய பட்டறை ஒன்றைச் சென்று கண்டேன். பகலில் வேறு பணி செய்யும் இளைஞர் ஒருவர், ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கத்தியும் கொக்கியும் அடிக்கிறார். பழைய லாரி ஒன்றின் பிரேக் டிரம் அவருக்கு உலை. அதன் அடித்துளையில் ஓர் இரும்புக் குழாய். குழாயின் மறுமுனையில் தலைமுடி உலர்த்தும் கருவி. பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய தண்டவாளத் துண்டை மரக்கட்டையின் மேல் ஏற்றிப் பட்டடை ஆக்கியிருக்கிறார். பழுத்த இரும்பைத் தோய்க்கப் பால்மாவு டின் நிறையச் சமையல் எண்ணெய். அடிபடும் இரும்பு லாரியின் ஸ்பிரிங் பட்டை. அதில் நூற்றுக்குச் சுமார் 0.6 பங்கு கரிமம் இருப்பதால் அது கடினமேறும். வேலிக் கம்பியைக் கொண்டு அவ்வாறு கத்தி செய்ய இயலாது. துத்தநாகம் பூசிய குழாயை மட்டும் உலைக்கு அருகே கொண்டுவருவதில்லை என்றார். அதன் புகை காய்ச்சலை உண்டாக்கும். இத்தகைய வேலையில் ஆசை கொள்ளும் மாணவர்க்கு அவ்வெச்சரிக்கையையும் சேர்த்தே சொல்லி வைக்கிறேன்.

அவர் தம் தொழிலை எனக்குத் தமிழிலேயே விளக்கினார். 'ஆன்வில்ல வச்சு அடிச்சதும் குவென்ச் பண்ணணும், அப்புறம் டெம்பர் பண்ணணும்' என்றார். வாக்கியத்தின் அமைப்பு முழுவதும் தமிழ்; காலமும் இடமும் முறையும் காட்டும் உருபுகள் அனைத்தும் தமிழ். கருவியின் பெயரும் வினையின் பொருளும் மட்டும் ஆங்கிலம். 'பண்ணு' என்னும் துணைவினை அவ்வாங்கிலச் சொற்களைச் சுமந்து செல்கிறது.

இதற்காக அவரைக் குறை கூறுதல் முறையன்று. தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. இடைநிலைப்பள்ளியில் தொழில்நுட்பப் பாடம் மலாய் மொழியில். பின்னர் அவர் இக்கலையைக் கற்ற காணொளிகள் ஆங்கிலத்தில். பன்னிரண்டு வயதுக்குப் பின் அவருக்குத் தமிழில் ஒரு கருவிப் பெயரையேனும் சொல்லும் கடமை எவர்க்கும் இருக்கவில்லை. முந்தைய தலைமுறையின் நிலையும் இதற்குப் பெரிதும் மாறுபட்டதன்று. செந்தூல் இரயில்வே பணிமனையில் தமிழர் பலர் உழைத்தனர். பொறிகள் ஆங்கிலப் பெயர்களோடு வந்து இறங்கின. தோட்டத்தில் பால்மரம் சீவிய உளிக்கு மட்டும் பழைய பெயர் நிலைத்தது.

எனினும் அந்தப் பின்புறத்தில் இருந்த பொருள்களுள் பெரும்பாலானவற்றுக்குத் தமிழில் பெயர் உண்டு. புதிதாக ஆக்கவேண்டிய பெயர்கள் அல்ல அவை; கொல்லர்கள் வழங்கியவை, 1862இல் வெளிவந்த வின்சுலோ அகராதியும், 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனும் போன்ற பேரகராதிகளில் தேடிக் காணத்தக்கவை. உலைக்குள் காற்றுப் புகும் வாயிலை ஆங்கிலேயர் 'டுயேர்' என்பர். அதுவும் அவர்கள் பிரெஞ்சு மொழியிடம் வாங்கிய கடன். நம் கொல்லர் அதனை உலைமூக்கு என்றனர். மூச்சு போகும் வழிக்கு மூக்கு என்று பெயரிட்டவனுக்கு எந்தக் கலைச்சொல் குழுவும் துணை நிற்கவில்லை. பற்றி எடுப்பது குறடு. ஓங்கி அடிப்பது சம்மட்டி. இரும்பிலிருந்து கழிந்து விழும் கசடு கிட்டம். இழைத்துத் தேய்ப்பது அரம்; திருக்குறளில் மாணவர் அதனைச் சந்திக்கின்றனர், ஆனால் உவமையாக மட்டுமே.

பட்டடையின் பெயர்களில் சற்று நிற்கவேண்டும். அதற்கு அடைகல் என்றும் உலைக்கல் என்றும் பெயர்கள் உண்டு. புறநானூற்றின் 170ஆம் பாட்டில் உறையூர் மருத்துவன் தாமோதரனார், பிட்டங்கொற்றனின் வலிமைக்கு உலைக்கல்லையே உவமை ஆக்குகிறார். கொல்லன் விசையோடு வீசும் சம்மட்டியை அங்கே கூடம் என்கிறார். இரு பெயர்களிலும் 'கல்' நிற்பதைக் காண்க. கல்லின் மேல் வைத்து இரும்பை அடித்த காலத்தின் நினைவு அதில் தங்கியிருக்கிறது எனக் கருத இடமுண்டு. ஆகவே, கிடைத்த பொருளைப் பட்டடை ஆக்கிக்கொள்வது இன்றைய ஏழ்மையோ குறும்போ அன்று; தொழிலின் தொடக்கமே அதுதான். மலாய் மொழியில் பட்டடைக்கு 'லண்டாசான்' என்று பெயர். இரயில் பாதைக்கும் அதுவே பெயர். தண்டவாளத்தைப் பட்டடை ஆக்கிய நம் இளைஞர் இதனைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

துருத்திக்கு வருகிறேன். குறுந்தொகை 172ஆம் பாட்டில் கச்சிப்பேட்டு நன்னாகையார், தலைவனைப் பிரிந்த நெஞ்சின் ஓயாத வருத்தத்துக்கு ஓர் உவமை தேடுகிறார். ஏழு ஊர்களின் வேலைக்கும் பொதுவாக ஓர் ஊரில் அமைந்த உலை. அதில் காலால் மிதிக்கப்படும் தோல் துருத்தி. அதற்கு ஓய்வே இல்லை. ஏழு ஊர்க்கு ஓர் உலை என்னும் செய்தி அக்காலப் பொருளியலைக் காட்டுவது ஒருபுறம் இருக்க, உலையருகே நின்று பார்த்த ஒருவர்க்கன்றி இவ்வுவமை தோன்றாது என்பதை மாணவர் உணரவேண்டும். துருத்தியைக் காணாத வகுப்பறையில் இப்பாட்டு உரையாசிரியரின் குறிப்பாகச் சுருங்கிவிடுகிறது.

முடி உலர்த்தும் மின்கருவியைத் துருத்தி எனலாமா என்று கேட்பீர்கள். தோல் இல்லை, மிதிப்பார் இல்லை என்பது தடை. எண்ணெயும் திரியும் இல்லாத மின்குமிழை விளக்கு என்கிறோமே! தொழில் ஒன்றாயின் பெயர் இடம்பெயரும். எல்லா மொழிகளிலும் பொருள் விரிவது இவ்வாறே. உலைக்கு மூச்சூட்டும் வரை அக்கருவி துருத்திதான். குளியலறைக்குத் திரும்பினால் அதன் பழைய பெயரைப் பெற்றுக்கொள்ளட்டும். இதற்கு 'காற்றூட்டுக் கருவி' என்பது போன்றதொரு புனைசொல்லை ஆக்கி அச்சிடுவதை நான் ஏற்பதில்லை. பொருளை விளக்கும் சொல் வேறு, பொருளை அழைக்கும் சொல் வேறு. கையில் பழுத்த இரும்பைப் பிடித்திருப்பவர்க்கு மூன்றசைக்கு மேல் பொழுதில்லை.

மறுபுறம், எல்லாவற்றையும் தமிழாக்கும் ஆர்வமும் வேண்டா. பிரேக் டிரம் அப்பெயரோடே இருக்கட்டும். பாராங்கை அரிவாள் என்று திருத்துவோரும் உளர், அது பிழை. அரிவாளின் வளைவு பாராங்குக்கு இல்லை. அஃது இம்மண்ணின் கருவி, இம்மண்ணின் பெயரோடு நம் பேச்சில் சேர்ந்தது. உலக மொழிகளும் நம் பக்கத்துச் சொல்லை அவ்வாறே பெற்றன. தென்னிந்திய எஃகைப் பற்றி ஜார்ஜ் பியர்சன் 1795இல் இலண்டன் அரச கழகத்தில் எழுதியபோது 'வூட்ஸ்' என்னும் சொல் ஆங்கில அச்சில் ஏறியது. அது கன்னடத்து 'உக்கு' என்பதன் திரிபு என்பர். அதற்குத் தமிழ் உறவு உருக்கு. நம் இளைஞர் அப்பொருளை 'ஸ்டீல்' என்றே சொன்னார்.

சொல் தெளிவில்லாவிடில் பொருள் கெடும் இடம் ஒன்றும் உண்டு. இரும்பைக் காந்தம் ஒட்டாத அளவுக்கு, அதாவது ஏறத்தாழ 770 பாகைக்குச் சற்று மேல், பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் அது கடினமேறும். ஆனால் கண்ணாடி போல் நொறுங்கும். மீண்டும் 200 பாகையளவில் மெல்லச் சூடேற்றினால், துலக்கிய பரப்பில் வைக்கோல் நிறம் படரும். நொறுங்கும் தன்மை குறையும். பழைய வழக்கில் தோய்ச்சல் என்னும் சொல் இவ்விரண்டையும் தழுவி நின்றது போலும். முன்னதைத் தோய்த்தல் என்றும் பின்னதைப் பதமிடுதல் என்றும் பிரித்து ஆளலாம் என்பது என் கருத்து. சோறும் பாகும் பதம் பார்த்து இறக்கும் வீட்டில் வளர்ந்தவர்க்கு அச்சொல்லை விளக்க வேண்டியதில்லை.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்னும் பாடம் தமிழ்ப்பள்ளியில் தமிழிலேயே நடக்கிறது. குறடு, அரம், உளி, சம்மட்டி ஆகியவற்றைப் படமாகக் காட்டாமல் பொருளாகவே மேசைமேல் வையுங்கள். மாணவர் தொட்டு, எடை பார்த்து, பெயர் சொல்லட்டும்.

உயர்கல்வி மாணவர்க்கு வேறொரு பணி உண்டு. செங்கற்சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸ் பின்னர் இரயில்வே தொழிலாளர் குடியிருப்பாகவும் விளங்கியது. அங்கும் செந்தூலிலும் கிள்ளானிலும் பணிமனைகளில் உழைத்து ஓய்ந்த முதியோர் இன்னும் சிலர் இருக்கின்றனர். அவர்களிடம் வினாத்தாளோடு செல்லாதீர்கள், கருவியோடு செல்லுங்கள். அதனை அவர்கள் கையில் கொடுத்து, 'ஐயா, இதை அங்கே என்னவென்று சொல்வீர்கள்?' என்று கேளுங்கள். வரும் சொல் ஆங்கிலமாயினும் மலாயாயினும், ஒலி திரிந்த தமிழாயினும், திருத்தாமல் வந்தவாறே எழுதிக்கொள்ளுங்கள். யார், எந்த ஆண்டுகளில், எந்த வேலைக்கு அதனை வழங்கினார் என்பதையும் உடன் குறியுங்கள்.