பதினெட்டு வயதும் வாக்குரிமையும்



உரிமை தானாக வருவதன்று. கேட்டுப் பெறுவது, பெற்றபின் பேணிக் காப்பது. இதற்குச் சான்று தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நமது கிள்ளான் வட்டாரமே போதும்.

1941-ஆம் ஆண்டு கிள்ளானைச் சூழ்ந்த ரப்பர்த் தோட்டங்களில் நம் மக்கள் வேலை நிறுத்தம் செய்தனர். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும் அதன் தலைவர்களுள் ஒருவரான ஆர். எச். நாதனும் அவர்களுக்குத் துணை நின்றனர். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல் ஆகியவை அவர்தம் கோரிக்கைகள். அப்பட்டியலில் இன்னொன்றும் இருந்தது: துரைமார் எதிரே வந்தாலும் சைக்கிளை விட்டு இறங்காமல் செல்லும் உரிமை. இன்றைய இளைஞருக்கு இது விந்தையாகத் தோன்றலாம். கூலியோடு மானத்தையும் சேர்த்தே அவர்கள் கேட்டார்கள். விளைவு என்ன? நாதன் கைது செய்யப்பட்டு, இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். ஆள்வோரை மாற்றும் வாக்கு அன்று அவர்களிடம் இல்லை.

அந்த வாக்கு இன்று 18 வயது இளைஞர் கையில் இருக்கிறது. அதுவும் எளிதில் வந்ததன்று. மாணவர்கள் தொடங்கிய 'உண்டி 18' இயக்கம் இதற்காகக் குரல் கொடுத்தது. 2019 ஜூலை 16-இல் மக்களவை அரசமைப்புத் திருத்தத்தை நிறைவேற்றியது. 211 உறுப்பினர்கள் ஆதரித்தனர், எதிர்த்தவர் எவருமில்லை. வாக்களிக்கும் வயது 21-இலிருந்து 18 ஆயிற்று. வாக்காளர் பதிவும் தானாகவே நடைபெற வழி பிறந்தது. ஆனால் 2021-இல் இதன் அமலாக்கம் தள்ளிப் போகும் என்று அறிவிக்கப்பட்டபோது, இளைஞர்கள் நீதிமன்றத்தை நாடினர். ஆண்டு இறுதிக்குள் நடைமுறைப்படுத்துமாறு கூச்சிங் உயர் நீதிமன்றம் செப்டம்பர் 3-இல் ஆணையிட்டது. டிசம்பர் 15 முதல் சட்டம் நடப்புக்கு வந்தது. 2018 பொதுத் தேர்தலில் ஏறத்தாழ 1 கோடியே 49 இலட்சமாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை, 2022 நவம்பரில் 2 கோடியே 11 இலட்சத்தைத் தாண்டியது.

பதிவு தானாக நடக்கிறது. முகவரி தானாக மாறுவதில்லை. அடையாள அட்டையில் உள்ள முகவரியே நமது தொகுதியைத் தீர்மானிக்கிறது. தோட்டத்தை விட்டுக் கிள்ளானுக்கோ பிரிக்பீல்ட்ஸுக்கோ குடிவந்த பிள்ளையின் அட்டையில் பழைய தோட்டத்து முகவரியே இருக்கலாம். கிள்ளானில் வாக்காளராக இருப்பவருக்கு நாடாளுமன்றத்துக்கு ஒரு வாக்கு, சிலாங்கூர் சட்டமன்றத்துக்கு ஒரு வாக்கு. கூட்டரசுப் பிரதேசமான கோலாலம்பூரில் இருப்பவருக்கு நாடாளுமன்ற வாக்கு மட்டுமே. ஆகவே முகவரி சிறு செய்தியன்று. 18 வயதுக்குப் பின் அட்டையைப் புதுப்பிக்கத் தேசியப் பதிவு இலாகாவுக்குச் செல்லும்போதே அதைத் திருத்திக்கொள்ளலாம். பின்னர் வாக்காளர் பட்டியலில் நம் பெயர் எந்தத் தொகுதியில் உள்ளது என்று பார்த்து, மாற்றம் வேண்டுமாயின் தேர்தல் ஆணையத்திடம் விண்ணப்பிக்க வேண்டும்.

இவ்வளவும் நீல அடையாள அட்டை உள்ளவர்களுக்கு. சிவப்பு அட்டை வைத்திருப்பவர் இந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்திருந்தாலும் வாக்களிக்க முடியாது. நம்மிடையே இந்நிலை ஏன் வருகிறது? தந்தை குடிமகன், தாய் குடிமகள் அல்லர் என்று வைத்துக்கொள்வோம். கோயிலில் தாலி கட்டியதோடு நிறுத்தி, திருமணத்தைப் பதிவு செய்யாவிட்டால், பிள்ளை சட்டப்படி தாயின் நிலையையே பின்பற்றுகிறது. தந்தையின் குடியுரிமை அப்பிள்ளைக்கு உதவாமல் போகிறது. முஸ்லிம் அல்லாதாரின் திருமணப் பதிவை வலியுறுத்தும் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருந்தும், இப்பிழை தொடர்கிறது.

இளைஞர்களே, பொதுப்பணி இங்கேதான் தொடங்குகிறது. மலாய் மொழியிலுள்ள பாரங்களை உங்களால் படித்து நிரப்ப முடியும். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு அது இயலாது. அவரோடு ஒருநாள் பதிவு இலாகாவுக்குச் செல்லுங்கள். பிறப்புப் பத்திரம் இல்லாத குழந்தை எவருக்காவது உண்டா என்று விசாரியுங்கள். திருமணம் முடிந்த அண்ணன் அக்காள்மாரிடம், பதிவு செய்தாயிற்றா என்று கேளுங்கள்.

வாக்குச்சாவடிக்கு நீங்கள் போவது கடமை. போக வழியில்லாதவருக்கு வழி செய்வது அதனினும் பெரிய கடமை. சைக்கிளை விட்டு இறங்க மறுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம் என்பதை மறவாதிருப்போம்.